"மொழி அவசியமில்லை" – யாருக்கு?

கண்டியில் பஸ் ஏறிப் பேராதனைக்கு வரும்போது ஜன்னல் பக்கம் சீட் கிடைத்தால் ஒரு பொழுதுபோக்கு இருக்கு. மதிலிலும் லைட் போஸ்டிலும் ஒட்டியிருக்கும் போஸ்டர்களை எண்ணிக்கொண்டே வரலாம். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஏ.எல். டியூஷன் சேர்மாரின் முகங்கள்தான் சிரிக்கும். இப்போது பாதிக்குப் பாதி வெளிநாடு. கொரியா, ஜப்பான், ஜெர்மனி, ருமேனியா. அவற்றில் ஒரு வசனம் திரும்பத் திரும்ப வரும்: "மொழி அவசியமில்லை." கொஞ்சம் நாகரிகமான ஏஜென்சி என்றால், "ஆங்கிலம் போதும்."

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். தமிழ், வரலாறு, சமூகவியல் படிக்கிறவர்கள். வெளிநாட்டு எஞ்சினியர் வேலையைப் பற்றி எழுத இவர்களுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த வேலையைத் தேடிப் போகிறவர்கள் எங்களோடு ஒரே கன்டீனில் ரொட்டி சாப்பிட்டவர்கள். ஒரு வசனம் என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களுக்குச் சொல்லித்தரப்படுகிற வேலை. இரண்டையும் சேர்த்தால் போதுமான தகுதி வந்துவிடும் என்று நினைக்கிறோம்.

எழுத வைத்தது ஒரு டெலிபோன் அழைப்பு. பெயர் சொல்ல மாட்டோம், அவன் விரும்ப மாட்டான். கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். தமிழ் மீடியத்தில் கணிதப் பிரிவு, பிறகு பேராதனை பொறியியல் பீடத்தில் சிவில். அவனுடைய தோட்டத்தில் எஞ்சினியரான முதல் ஆள். பட்டம் முடித்து ஒரு கட்டுமானக் கம்பனியில் சேர்ந்து காலூன்றும் நேரம் 2022 வந்தது. சீமெந்து விலை ஏறியது, டீசலுக்கு கியூ, சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நாட்டைவிட்டு வேலைக்குப் போனார்கள். அவனும் ஒரு ஏஜென்சி படி ஏறினான். அங்கே சொன்னார்கள்: "ஜெர்மனியில இங்கிலீஷ்ல மாஸ்டர்ஸ் இருக்கு தம்பி. முடிச்சா வேலை தேடி வரும். அங்க எஞ்சினியர் தட்டுப்பாடு. பாஷை எல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்."

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முதலிலேயே முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ, நம் காசில் 35 இலட்சத்துக்கும் மேல். அவன் போனபோது தொகை கொஞ்சம் குறைவு, ஆனால் ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை. அம்மாவின் நகை அடகுக்குப் போனது. மாமா ஒருவர் கடைக்கு எடுத்த கடனைத் திருப்பி இவனுக்குத் தந்தார்.

மாஸ்டர்ஸை நல்லபடியாகவே முடித்தான். படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவருக்கு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். நூற்றுக்கு மேல் விண்ணப்பம் போட்டான். மிகச் சில இடங்கள்தான் கூப்பிட்டன. ஒரு சின்னக் கம்பனியின் முதலாளி மட்டும் நேர்மையாக, ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கிறார்: "உன் கணக்கெல்லாம் சரி. திங்கட்கிழமை காலையில சைட்டுல மேசனோட யார் பேசுறது?" இப்போது பார்சல் பிரிக்கும் கிடங்கொன்றில் இரவு ஷிஃப்ட். அன்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "தட்டுப்பாடு உண்மைதான் மச்சான். ஆனா தட்டுப்பாடு ஜெர்மன் பேசுற எஞ்சினியருக்கு."

ஏஜென்சி சொன்னது முழுப் பொய் என்றால் பிரச்சினை சுலபம். பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாம். அது பாதி உண்மை. பட்டதாரிகளுக்கான ப்ளூ கார்டை எடுக்க ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. 2024 ஜூனில் தொடங்கிய வாய்ப்பு அட்டைக்கு, புள்ளி முறையில் போகிறவர் ஜெர்மனில் ஏ1 அல்லது ஆங்கிலத்தில் பி2 காட்டினால் அடிப்படை நிபந்தனை தீர்ந்தது. ஆக விசா கவுண்டரில் "மொழி அவசியமில்லை" என்பது கிட்டத்தட்ட சரி. விசா கவுண்டர் யாருக்கும் சம்பளம் தருவதில்லை. சம்பளம் தருகிற இடம் சைட்.

சைட்டில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். வரைபடத்தின் ஓரத்தில் உள்ள குறிப்பு ஜெர்மனில். பொது வேலைகளுக்கான ஒப்பந்த விதிகள், வி.ஓ.பி. என்பார்கள், அது ஜெர்மனில். நகரசபையின் கட்டட அனுமதிக் கடிதம் ஜெர்மனில். வாராந்தக் கூட்டத்தின் அறிக்கை ஜெர்மனில். கம்பி கட்டுகிற போலந்துக்காரரும் துருக்கிக்காரரும் தங்களுக்குள் பேசும் உடைந்த ஜெர்மனும் ஜெர்மன்தான். இதில் எதை நம் ஆங்கிலம் திறக்கும்?

ஜப்பானைப் பாருங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பாகியது. ஜப்பானும் அதில் உறுப்பு. நம்முடைய தரச்சான்று பெற்ற பட்டத்துக்கு அங்கே மதிப்பு உண்டு என்று அர்த்தம். நல்ல விசயம். ஆனால் ஜப்பானியக் கட்டுமானத் தளத்தில் நாள் தொடங்குவது "சோரெய்" என்ற காலைக் கூட்டத்தோடு. அங்கே அன்றைய வேலையில் என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒவ்வொரு குழுவும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சிக்கு "கிகென் யோச்சி" என்று பெயர், ஆபத்தை முன்கூட்டி உணர்தல். சாரம் எங்கே வழுக்கும், கிரேன் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லுகிற நேரத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்கிற எஞ்சினியர் தனக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. பட்டத்துக்கு உடன்படிக்கை இருக்கலாம். தலையாட்டுவதற்கு எந்த உடன்படிக்கையும் கிடையாது.

உடனே பதில் வரும்: "ஐ.டி.யில அப்படி இல்லையே, துபாயில அப்படி இல்லையே." சரி, ஒத்துக்கொள்கிறோம். மென்பொருள் எழுதுகிறவர் பெர்லினிலோ அம்ஸ்டர்டாமிலோ ஆங்கிலத்தோடு வருடக்கணக்காக வேலை செய்யலாம், செய்கிறார்கள். வளைகுடாவில் அரபு தெரியாமலே நம் சிவில் எஞ்சினியர்கள் ஓய்வு பெறும்வரை இருந்திருக்கிறார்கள். ஆனால் வளைகுடாவில் அவர்கள் மொழியில்லாமல் வேலை செய்யவில்லை. அங்கே சைட்டில் ஓடுவது ஹிந்தி, உருது, மலையாளம், தமிழ். மேசன் திருநெல்வேலிக்காரர் என்றால் நம் எஞ்சினியருக்கு என்ன கஷ்டம்? அங்கே மொழி தேவைப்படாமல் போகவில்லை. நம் மொழி நமக்கு முன்பே கூலிக்குப் போய்ச் சேர்ந்து, நமக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

மொழி தெரியாமல் எஞ்சினியர் வேலை செய்தவர்களைப் பார்க்க வெளிநாடு போகவே வேண்டாம். நம் கண்டியைச் சுற்றியே அவர்கள் கட்டிய சாமான் நிற்கிறது. தெல்தெனியப் பக்கம் விக்டோரியா அணை, பிரித்தானிய உதவிப் பணத்தில் பிரித்தானியக் கம்பனிகள் கட்டி 1985இல் திறந்தது. அதே 1985இல் கொத்மலை, சுவீடன் பணம், சுவீடன் கம்பனி. 1986இல் ரந்தெனிகல, மேற்கு ஜெர்மனியின் உதவி. அந்த வெள்ளைக்கார எஞ்சினியர்களிடம் யாராவது சிங்களம் எழுது, தமிழ் வாசி என்று பரீட்சை வைத்தார்களா? மொழிபெயர்க்க ஆள் வைத்தோம். ஏன்? காசு அவர்களோடு வந்தது. காசோடு வருகிறவனுக்கு மொழி அவசியமில்லை. வேலை கேட்டு வருகிறவனுக்கு அவசியம். போஸ்டர் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி நமக்குக் காட்டுகிறது. நாமும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்துச் சிரித்துவிட்டு முற்பணம் கட்டுகிறோம்.

இதற்கு நேரெதிரான ஒரு கதையும் இதே மலையில் உண்டு. தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படித்தார்கள். அவர்களுக்கென்றே கையேடுகள் அச்சடிக்கப்பட்டன. அவற்றைப் புரட்டினால் பெரும்பாலும் ஏவல் வினைதான்: வா, போ, எடு, வெட்டு. ஆயிரக்கணக்கான ஆட்களிடமிருந்து ஒவ்வொரு நாளும் வேலை வாங்க வேண்டியிருந்தது, அதனால் படித்தார்கள். நம் பாட்டன்மாரிடம் சுகம் விசாரிக்க அல்ல. யார் யாருடைய மொழியைப் படிப்பது, எவ்வளவு படிப்பது என்பதை எப்போதும் அதிகாரமும் தேவையும்தான் தீர்மானித்திருக்கின்றன. இதை மறைத்துவிட்டு மொழியைப் பற்றிப் பேசுகிற எவரையும் நம்பாதீர்கள், எங்களையும் சேர்த்து.

இனி எங்களுக்கே கஷ்டமான பகுதிக்கு வருகிறோம். இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை எங்கள் குழுவில் வாசித்தபோது ஒரு தோழி கோபத்தோடு கேட்டாள்: "மொழி தெரியலன்னு வேலை கொடுக்காதது அநியாயம்னு அறுபது எழுபது வருஷமா கத்துறது நாமதானே? இப்ப ஜெர்மன்காரன் அதையே செஞ்சா நியாயமா?"

அவள் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதன் பிறகு அரச சேவையிலிருந்த தமிழர்கள் சிங்களத் தேர்ச்சி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்ற நிலை. கோடீஸ்வரன் என்ற அரச எழுதுவினைஞருக்கு 1962இல் அப்படித்தான் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். அது 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரு அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குப் போடலாம் என்று அங்கே தீர்ப்பானது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்வியை அவர்கள் தீர்க்கவில்லை, இங்குள்ள நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் மொழிப் பரீட்சைக்குப் பயந்தும் வெறுத்தும் கப்பல் ஏறியவர்களில் எஞ்சினியர்கள் எத்தனை பேர் என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெயர் வரும்.

இந்த ஞாபகம் நம் இரத்தத்தில் இருக்கு. அதனால்தான் "மொழி அவசியமில்லை" என்ற போஸ்டர் நமக்கு இனிக்கிறது. ஒரு வாசலில் மொழியைக் காட்டித் துரத்தப்பட்டவனுக்கு மொழி கேட்காத வாசல் சொர்க்கம் மாதிரித் தெரியும். ஏஜென்சி அந்தக் காயத்தைத்தான் விலை பேசுகிறது.

ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. கோடீஸ்வரன் தன் சொந்த நாட்டில் இருந்தார். அவருடைய மொழி இந்த மண்ணின் மொழி. ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையின் நடுவில் வாசலை மாற்றிக் கட்டினார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதியது. அந்த "உம்" விகுதியைப் பிடித்துக்கொண்டு நாம் கேட்பது சலுகை இல்லை, உரிமை. ஜெர்மனியிடமோ ஜப்பானிடமோ நமக்கு அந்த உரிமை கிடையாது. அங்கே நாம் நம் விருப்பத்தில் போகிறோம்.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருக்கு. நம் மலைகளில் மழைக் காலம் வந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பது சுத்தமான எஞ்சினியரிங்: மழைமானி, சரிவின் கோணம், மண்ணின் ஈரம். எல்லாக் கணக்கும் சரியாக இருக்கலாம். ஆனால் கடைசி அடி, லயத்துக் கதவைத் தட்டி "இப்ப வெளிய வாங்க, வீடு போகப்போகுது" என்று சொல்வது, மொழி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலுமே எச்சரித்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். கடதாசியில் இருந்த எச்சரிக்கை மனிதரிடம் போய்ச் சேரவில்லை என்றால் அது எச்சரிக்கையா என்று அன்று நாம் எல்லோரும் கேட்டோம். வந்து பார்க்கிற உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால், இன்றும் கோபப்படுகிறோம். கோபப்படத்தான் வேண்டும்.

அந்தக் கோபம் சரி என்றால், ஜெர்மன் மேசனின் கோபமும் சரி. அவனுடைய தலைக்கு மேலே தூக்கப்படுகிற பீமுக்குப் பொறுப்பான எஞ்சினியர் அவனுடைய மொழியில் "விலகு" என்று சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கலாம். நம்மிடம் வருகிற எஞ்சினியர் தமிழ் பேச வேண்டும், நாம் போகிற இடத்தில் மட்டும் மொழி தேவையில்லை என்று இரண்டு கையிலும் இலட்டு கேட்க முடியாது. மேலே சொன்ன தோழிக்கு நாங்கள் கொடுத்த பதில் இதுதான். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "சரி, ஆனா அவங்களும் கொஞ்சம் பொறுமையா இருக்கலாம்" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆள் தேவை என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்கிற நாடு, வந்தவனுக்கு வேலை நேரத்திலேயே மொழி படிக்க இடம் கொடுக்கலாம்.

சரி, இங்கே யார் என்ன செய்ய வேண்டும்?

முதலில் எங்கள் பல்கலைக்கழகம். பேராதனையில் பொறியியல் பீடம் மகாவலிக்கு ஒரு பக்கம், கலைப்பீடம் மறுபக்கம். நடுவில் அக்பர் பாலம். பாலத்தின் அந்தப் பக்கத்தில் மொழி என்றால் "ஆர்ட்ஸ்காரர் சமாச்சாரம்." தமிழ் மீடியத்தில் ஏ.எல். எழுதி வருகிற பிள்ளை முதல் வருடத்தில் ஆங்கில விரிவுரைக்குள் தள்ளப்பட்டு, தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்ததும் "இனி மொழித் தொல்லை முடிந்தது" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறான். அந்தப் பெருமூச்சில்தான் ஏஜென்சி வந்து உட்காருகிறது. எந்தப் பீடமானாலும் இரண்டாம் வருடத்திலிருந்து ஒரு வெளிநாட்டு மொழியைப் புள்ளிகளோடு படிக்க வழி வேண்டும். அதோடு சேர்த்து, தமிழ் தெரியாத எஞ்சினியரிங் மாணவருக்குத் தமிழும் சிங்களம் தெரியாதவருக்குச் சிங்களமும். அரச ஊழியர்கள் இரண்டாம் அரசகரும மொழியைக் கற்க வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் 07ஆம் இலக்க அரச நிர்வாகச் சுற்றறிக்கை சொன்னது. நாளைக்கு அந்த ஊழியர்களாகப் போகிறவர்கள் இன்று கம்பஸில் சும்மா இருக்கிறார்கள்.

அடுத்தது ஏஜென்சிகள். "விசாவுக்கு மொழி தேவையில்லை" என்று எழுதுங்கள், அது உண்மை. "வேலைக்கு மொழி தேவையில்லை" என்று எழுதினால், அப்படி அனுப்பியவர்களில் எத்தனை பேர் எஞ்சினியராக வேலை செய்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுத மாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்: காசு கட்டுவதற்கு முதல் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்லாமல் டீ கொண்டுவரச் சொன்னால் எழுந்து வாருங்கள்.

கடைசியாக நாம். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைக்கு மொழி படிப்பது புதுசு இல்லை. கண்டி மார்க்கட்டில் சிங்களத்தில் பேரம் பேசி, கம்பஸில் ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதி, வீட்டுக்குப் போனால் தோட்டத்துத் தமிழில் சண்டை பிடிக்கிறோம். இருபது வயதுக்குள் மூன்று மொழி. நான்காவதுக்கு ஏன் பயம்? பரீட்சையாகவும் தண்டனையாகவுமே மொழியைப் பார்த்துப் பழகியதால். ஏ1இலிருந்து பி2 வரை போக, வேலையோடு படித்தால் ஒன்றரை இரண்டு வருடம் பிடிக்கும். விமான டிக்கட்டுக்கு முதல் அந்த இரண்டு வருடத்தைச் செலவழிப்பது வீண் என்று தோன்றினால், நண்பனின் 18 மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும்போது படித்தால் பக்கத்தில் அம்மாவின் சோறாவது இருக்கும்.

எங்களால் முடிந்ததைத் தொடங்கியிருக்கிறோம். புதன்கிழமை பின்னேரம், விரிவுரை முடிந்த பிறகு, எட்டுப் பேர் உட்கார்ந்து ஜெர்மன் ஏ1 படிக்கிறோம். ஐந்து பேர் கலைப்பீடம், மூன்று பேர் பாலத்துக்கு அந்தப் பக்கம். சொல்லித்தருவது யார் தெரியுமா? இரவு ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் ஒரு மணித்தியாலம் வீடியோ கோலில் வருகிற நம் நண்பன். இப்போது அவன் பி1. போன வாரம் வகுப்பின் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னான், கிடங்கில் அவனுக்கு ஜெர்மன் சொல்லித்தருவது சிரியாவிலிருந்து வந்த ஒரு வயதான எஞ்சினியராம்.